கருப்பு முழங்கால் போட்டது எதற்கு?

இப்போதெல்லாம் திரையில் இருக்கிறவர்களே பேசுகிறார்கள், பாடுகிறார்கள், பாடி முடித்துவிட்டு இன்னொரு பாட்டும் பாடுகிறார்கள். காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிற நாம் வாயைத் திறக்க இடமே இல்லை. நல்லகாமன் கதை சொன்ன காலத்தில் சினிமா அப்படி இல்லை. திரையில் இருப்பவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கம்போடு நின்றுகொண்டு அவர் சொல்லுவார். நாங்கள் குறுக்கே கேள்வி கேட்போம். பதில் பிடிக்காவிட்டால் திட்டுவோம். அவரும் திருப்பித் திட்டுவார். சினிமா என்றால் எனக்கு அதுதான் சினிமா.

நல்லகாமனுக்குச் சொந்த ஊர் கோச்சடை. இப்போது சந்தையில் வாழைத்தார் ஏலம் கூவுகிறார். அவர் குரல் சந்தையைத் தாண்டி வைகை ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும். எனக்கு அவர் எந்த வகையிலும் சொந்தமில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டால் போதும், இன்னாருக்கு இன்னார் கொண்டான், இன்னாருக்கு இன்னார் கொடுத்தான் என்று வழி கண்டுபிடித்து, "ராமக்கா, ஒனக்கு அவன் அண்ணன் முறை வேணும்" என்று முடித்துவிடுவார்கள். முறை தெரியாத மனிதரோடு எங்கள் ஆட்களால் ஒரு வெற்றிலைகூட நிம்மதியாகப் போட முடியாது.

ஊர் ஆண்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. வீட்டில் ஓர் ஆணோடு குடும்பம் நடத்தியவள் என்கிற அனுபவத்தில் சொல்கிறேன். நல்லகாமனை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது அவருக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். ஆரப்பாளையத்துக்கும் கோச்சடைக்கும் நடுவில், ஆற்றோரத்துப் பொட்டலில் ஒரு சினிமாக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஆண்கள் மணலில் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்சுவர். மிஷின் ஒன்றே ஒன்றுதான். அதை மருது என்கிற ஆள் கையால் சுற்றுவான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவான். அதுவரைக்கும் கூட்டத்தைச் சத்தம் போடாமல் நல்லகாமன் பேச்சாலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும்.

படங்கள் எல்லாம் கடல் தாண்டி வந்தவை. நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். கொட்டகை முதலாளிக்கு அதை எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. நல்லகாமனுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. மத்தியானம் ஒருதரம் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பார், சாயங்காலத்துக்குள் கதை தயாராகிவிடும். வெள்ளைக்காரன் ஒவ்வொருவனுக்கும் எங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிடுவார். குதிரை கனைத்தாலும் அது என்ன சொல்லிற்று என்று சொல்லுவார். ஆணும் பெண்ணும் முத்தம் கொடுத்தால், "காதுல ரகசியம் சொல்றான்" என்பார். காது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் சொன்ன மரியாதைக்காக நம்பினோம்.

அந்த வருஷம் வெயிலுக்கு முன்னால் ஒரு கலியாணப் படம் வந்தது. சிரிப்புப் படம்தான். ஒரு பணக்காரத் தகப்பன், தொப்பை, தொங்கு மீசை. அவனுக்கு ஒரே மகள். அந்த மகள் மேல் ஆசைப்பட்ட ஒருவன் சமையல்காரன் வேஷத்தில் அந்த வீட்டுக்குள் நுழைகிறான். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் வீட்டையே புகைய விடுகிறான். தகப்பன் மாவுத் தொட்டியில் தலைகுப்புற விழுகிறான், கடைசியில் கலியாணத்துக்கும் தலையாட்டிவிடுகிறான். ஆறாவது ரீலில் சமையல்காரன் அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஏதோ பேசுகிறான். ஏழாவது ரீலில் கலியாணம். பெண்ணுக்கு நல்லகாமன் தங்கப்பொண்ணு என்று பெயர் வைத்தார். அந்த வெளுத்த வெள்ளைக்காரனுக்குக் கருப்பு என்று வைத்தார். அதற்கே கொட்டகை சிரித்தது.

முதல் நாள் ஆட்டத்தில்தான் வினை வந்தது. இரண்டாவது ரீலில் வயதான இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். அந்த அழுகையைப் பார்த்ததும் நல்லகாமனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தா நிக்குதே, இது கருப்போட ஆத்தா. அது தங்கப்பொண்ணோட ஆத்தா. ரெண்டு பேரும் ஒரு வயித்துல பிறந்த அக்கா தங்கச்சி! பஞ்சத்துல பிரிஞ்சவுக இன்னைக்குத்தான் பாத்துக்கிறாக!"

பெண்கள் பக்கம் ஒரே மூக்குச் சிந்தல். நானும் அழுதேன். யாரும் அப்போது யோசிக்கவில்லை. ஏழாவது ரீலில் கருப்பு தங்கப்பொண்ணின் விரலில் மோதிரம் போட்டு, காதில் ரகசியம் சொல்லக் குனிந்தபோதுதான் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அடேய் நல்லகாமா! அக்கா தங்கச்சி பிள்ளைகன்னா அண்ணன் தங்கச்சிடா! அண்ணன் தங்கச்சிக்கா கலியாணம் பண்ணிவைக்கிற?"

அவ்வளவுதான். மணலை அள்ளித் திரை மேல் வீசினார்கள். தாய்மார்கள் மகள்களின் கண்ணைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். "அந்தப் பொண்ணு வளத்த பொண்ணுப்பா, பெத்த பொண்ணு இல்ல" என்று நல்லகாமன் கத்திப் பார்த்தார். வளர்த்தாலும் முறை முறைதான் என்று அதற்கும் சண்டை. மேல்நாட்டுக்காரன் எடுத்த படத்தில் அவர்கள் யாரோ எவரோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முதலாளி வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். ஆனால் மறுநாள் சாயங்காலம் ஆறுமணிக்கெல்லாம் பொட்டல் நிரம்பிவிட்டது. நல்லகாமன் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்க்கப் போகிறான் என்று பார்க்கச் சுற்றுப்பட்டி சனமே வந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்த முதலாளி ஆள் விட்டு அவரைக் கூப்பிட்டார்.

நல்லகாமன் முறையைத் திருத்திவிட்டார். கருப்பின் ஆத்தாளும் தங்கப்பொண்ணின் தகப்பனும் அண்ணன் தங்கை என்று ஆக்கினார். ஆகவே தங்கப்பொண்ணு கருப்புக்கு மாமன் மகள், உரிமைப் பெண். அப்படியானால் கட்டிக்கொண்டு அழுகிற இரண்டு பெண்களும் நாத்தனாரும் அண்ணியும். "எந்த ஊருல நாத்தனாளும் அண்ணியும் இப்பிடிக் கட்டிப்பிடிச்சு அழுகுதுக?" என்று என் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். மற்றபடி எல்லோருக்கும் திருப்தி.

ஆனால் கதை போகப் போகக் கூட்டத்தில் தலைகள் திரும்ப ஆரம்பித்தன. தங்கை மகன் உரிமையோடு பெண் கேட்கிறான். பணம் உள்ள மாமன் கொடுக்க மாட்டேன் என்கிறான். இந்தக் கதை எங்களுக்குப் புதிதா? நல்லகாமனின் தாய் சோலையம்மாளுக்கு ஒரே அண்ணன் விருமாண்டி. நஞ்சை நிலம், இரண்டு பார வண்டி, அதே போலத் தொப்பை, அதே போலத் தொங்கு மீசை. அவருடைய மகள் மாயக்காள். "கொட்டாயில கத்துறவனுக்கா எம்மகளைக் குடுப்பேன்?" என்று விருமாண்டி சொன்னது ஊர் முழுக்கத் தெரியும். அவரும் அன்று ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் தகப்பன் மாவுத் தொட்டியில் விழுந்தான். "விருமாண்டி, போதும்ப்பா, பொண்ணைக் குடுத்துரு!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பில் கொட்டகைத் துணி கிழிந்துவிடும் போல இருந்தது. விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று நல்லகாமன் இன்றுவரை சத்தியம் பண்ணுகிறார். அவசரத்தில் நாக்குக்கு வந்த முறை அது ஒன்றுதானாம். நான் பாதி நம்புகிறேன்.

அதற்குப் பிறகு விருமாண்டியால் தெருவில் நடக்க முடியவில்லை. வண்டி கட்டிக்கொண்டு போனால், "மாவு மூடையா மாமா?" என்று கேட்டார்கள். ஊர் வாய்க்குப் பயந்து ஒருநாள் காலையில் தங்கை வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "மாயக்காளுக்குப் பரியம் போட்டுக்கங்க. வைகாசியில முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சோலையம்மாள் போட்ட குலவை எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

அன்றைக்கு மாயக்காளும் நானும் ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தோம். மாயக்காள் எனக்குச் சிநேகிதி. நிறம் குறைச்சல், வாய் ஜாஸ்தி, மனசு தங்கம். அவளுக்கும் நல்லகாமன் மேல் ஆசை உண்டு என்று எனக்குத் தெரியும். கொட்டகையில் அவர் குரல் எழும்பினால் இவள் முறுக்குக் கடிப்பதை நிறுத்திவிடுவாள். அதனால் நல்லகாமன் சிரித்த முகத்தோடு கரை இறங்கி வந்தபோது, நான் நைசாக நகர்ந்துவிடலாம் என்று குடத்தைத் தூக்கினேன்.

"நீ எங்க போற? நில்லுடி" என்றாள் மாயக்காள். பிறகு அவரைப் பார்த்துத் திரும்பினாள். "ஏய்யா, எங்கய்யாவை ஊரு சனத்துக்கு முன்னால கோமாளியாக்கி என்னை வாங்கிட்ட. நான் என்ன, கொட்டாயில விக்கிற முறுக்கா?"

நல்லகாமனுக்கு முகம் விழுந்துவிட்டது. "என்ன மாயக்கா இப்பிடிச் சொல்ற? நமக்கு உரிமைதான?"

"உரிமை ஒனக்கும் எங்கய்யாவுக்கும். எனக்கு அதுல என்ன இருக்கு? சரி, அதை விடு. படத்துல அந்தக் கருப்பு எதுக்கு முழங்கால் போடுறான்?"

"கால்ல முள்ளு குத்திருச்சு. அதான் தினம் சொல்றேனே."

"பூட்சு போட்டிருக்கான்யா அவன். பூட்சுக்குள்ள எப்பிடி ஏறுச்சு முள்ளு? முள்ளுக் குத்துனவன் காலைப் பாப்பான். இவன் அவ மொகத்தைப் பாத்துக்கிட்டு வாயை அசைக்கிறான். அவளை ஏதோ கேக்குறான்யா. கட்டிக்கிறயான்னு கேக்குறான். எனக்கே தெரியுது, ஒனக்குத் தெரியலயா?"

நல்லகாமன் மணலைப் பார்த்தார். தெரிந்திருக்கிறது. வெள்ளோட்டத்தில் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. "அதைச் சொன்னா நம்ம ஆளுக ஒத்துக்குவாகளா?" என்றார். "ஆம்பளை ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு முன்னால மண்டி போட்டுக் கேக்குறான்னு சொன்னா, அவனை விட்டுட்டு என்னையத்தான் கேலி பண்ணுவாக."

"அம்புட்டுத்தான ஒன் வீரம்? அப்பச் சரி. எங்கய்யா கட்டிவச்சா நான் வாரேன். கஞ்சி காச்சுவேன், பிள்ளை பெத்துப் போடுவேன், அயித்தைக்குக் காலமுக்கி விடுவேன். ஆனா ஒங்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். சாகுற மட்டும்."

மாயக்காள் சொன்னால் செய்கிறவள். ஒரு பாவாடைத் தகராறில் கூடப் பிறந்த அக்காளோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவள். நல்லகாமனுக்கும் அது தெரியும். "மாயக்கா, நாளெல்லாம் திரையில பேசாத சனத்துக்குப் பக்கத்துல நின்னுதான் தொண்டை வறண்டு போறேன். வீட்டுலயும் அதே பொழப்பா எனக்கு?" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அவர் மேல் இரக்கமாகிவிட்டது. இவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "படம் நாளையோட போகுதாம்ல. நான் பாக்க வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் கடைசி ஆட்டம். அடுத்த நாள் படப் பெட்டி திண்டுக்கல்லுக்குப் போகிறது. விருமாண்டியும் வந்திருந்தார். சம்பந்தம் பேசி முடித்த பிறகு கேலி மரியாதையாக மாறிவிட்டது, அவரும் முன்னால் இடம் பிடித்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். சோலையம்மாள் பெண்கள் பக்கம். மாயக்காள் என் பக்கத்தில், மண்சுவரை ஒட்டி.

நல்லகாமன் அன்றைக்கு முதல் ரீலிலிருந்தே சரியாக இல்லை. தங்கப்பொண்ணைக் கருப்பு என்றார். குதிரைக்குப் பேச்சே கொடுக்கவில்லை. ஐந்தாவது ரீலில் மாவுத் தொட்டி வந்தபோது, "பாவம், அவரும் மகளைப் பெத்த மனுசன்தான" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். மாயக்காள் அசையவில்லை.

ஆறாவது ரீலில் கருப்பு முழங்காலைத் தரையில் ஊன்றினான்.

"முள்ளு!" என்று ஆண்கள் பக்கம் யாரோ முந்திக்கொண்டு சொன்னார்கள். அந்த இடம் எல்லோருக்கும் மனப்பாடம்.

"முள்ளு இல்லண்ணே" என்றார் நல்லகாமன். "பூட்சுக்குள்ள எப்பிடி முள்ளு ஏறும்? கருப்பு கேக்குறான்."

"என்னத்தைக் கேக்குறான்?"

"என்னைக் கட்டிக்கிறயான்னு கேக்குறான்."

"யாரை?"

"அவளைத்தான்."

கேள்விகள் வந்து விழுந்தன.

"மாமன் மகதானடா? உரிமைப் பொண்ணை எதுக்குக் கேக்கணும்?"

"மாமன்காரன்தான் சரின்னு சொல்லிட்டான்ல?"

"மீசை வச்சவன் பண்ணுற வேலையாடா இது?"

நல்லகாமன் கம்பைக் கீழே வைத்துவிட்டார். "மாமன் சரின்னு சொன்னது மாமன் வாயால" என்றார். "காலம் பூராவும் கூட இருக்கப் போறவ அவ. அவ வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போகணும்னு இவனுக்கு ஆசை. மாட்டேன்னு சொல்லிருவாளோன்னு பயமாவும் இருக்கு. பயந்துக்கிட்டேதான் கேக்குறான்."

ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். சோலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். திரையில் தங்கப்பொண்ணு குனிந்து கருப்பைப் பார்த்தாள், பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அத்தோடு ரீல் முடிந்துவிட்டது. மருது விளக்கைப் போட்டான்.

மற்ற நாட்களில் இந்த இடைவேளையில் நல்லகாமன்தான் பதில் சொல்லுவார். "முள்ளை எடுத்துவிட்ட தங்கப்பொண்ணு, எங்கய்யா காட்டுன ஆளுக்குக் கழுத்தை நீட்டுவேன் மச்சான் அப்பிடின்னு சொல்றா" என்று அவள் குரலில் இழுத்துச் சொல்லுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

"என்னப்பா சொல்றா அவ?" என்று கேட்டார்கள்.

"தெரியலண்ணே."

"தெரியலயா? காசு குடுத்துட்டு வந்திருக்கோம்ல!"

"அவ சொல்றதை நான் சொல்லக்கூடாது. அவ சொன்னாத்தான் உண்டு" என்றார் நல்லகாமன். விளக்கு வெளிச்சத்தில் அவர் நெற்றி வியர்வை எங்கள் பக்கத்துக்கே தெரிந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் கூட்டம் முட்டாள் இல்லை. ஒவ்வொரு தலையாகப் பெண்கள் பக்கம் திரும்பிற்று. விருமாண்டியும் திரும்பினார். முதலாளி வாசலிலிருந்து, "மேல சொல்லுடா, ஆளுக கத்துறாக!" என்று பல்லைக் கடித்தார். மருது ரீலை மாட்டி முடித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி சுற்றாமல் நின்றான்.

நான் மாயக்காளைக் கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். கண் நிறைய நீர், மூக்கு விடைத்திருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் வாய் திறந்தால் பிறகு ஊர் என்னவெல்லாம் சொல்லும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு அந்த நிமிஷம் இடம் இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் கம்பை எடுத்துக்கொண்டு போயிருப்பார், மறுபடி அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மாயக்காள் மண்சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சரின்னு சொல்றா!" என்று கத்தினாள். "போதுமா? மேக்கொண்டு கதையைச் சொல்லுய்யா!"

முதலில் குலவை போட்டவள் நான்தான். பிறகு சோலையம்மாள், பிறகு பெண்கள் பக்கம் மொத்தமும். விருமாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். மருது விளக்கை அணைத்துவிட்டு ஏழாவது ரீலைச் சுற்றினான். மோதிரம் போட்டார்கள், பூவை வீசினார்கள், முத்தமும் கொடுத்தார்கள். நல்லகாமனுக்குக் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. காசைத் திருப்பிக் கொடு என்று ஒருவரும் கேட்கவில்லை.